தம்பியின் மூக்கில் மறுபடி கத்தி வைக்கமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது சரியா?

கொழுந்துக்கூடை, கோத்தகிரி (ஞாயிறு இரவு 10.40)

வணக்கம். பச்சைத் தேயிலை விலை, பஸ் நேரம், கரடி நடமாட்டம் என்று இங்கே நிறைய எழுதியிருக்கிறேன். வீட்டு விஷயம் எழுதுவது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 24 வயது. இங்கே பஜாரில் ஒரு பேக்கரியில் வர்க்கி போடுகிறான். ராத்திரி பத்து மணிக்கு மாவில் கை வைத்தால் விடியற்காலை நாலு மணிக்கு விறகடுப்பிலிருந்து தட்டு வெளியே வரும். நல்ல கைக்காரன். அவன் போடும் வர்க்கி கையில் எடுத்தாலே பொலபொலவென்று உதிரும்.

பதினேழு வயதில் பள்ளி குரூப் போட்டோ வந்தபோது ஆரம்பித்தது. மூக்கு வலது பக்கம் சாய்ந்திருக்கிறது என்றான். நாங்கள் எத்தனை தடவை பார்த்தும் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டோம். கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க்கை அவன் அதற்கப்புறம் கழற்றவேயில்லை. நம் ஊர்க் குளிரில் மாஸ்க், மப்ளர், குரங்குக் குல்லா எதைப் போட்டுக்கொண்டு திரிந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கீழே சமவெளியில் இருந்திருந்தால் சித்திரை வெயிலில் முகத்தை மூடிக்கொண்டு நிற்பவனைப் பார்த்து என்னவோ சரியில்லை என்று எங்களுக்கே உறைத்திருக்கும். குளிர் எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது.

இரண்டு வருஷம் முன்னால் கீழே ஒரு தனியார் கிளினிக்கில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டான். போன முதல் நாளே முன்பணம் வாங்கிக்கொண்டு மீதிக்குத் தவணை போட்டுக் கொடுத்தார்கள். அம்மா எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறித்ததில் வந்த பி.எஃப். பணத்தில் பாதி அதற்குப் போனது. கட்டு பிரித்து மூன்று வாரம் சந்தோஷமாக இருந்தான். நாலாவது வாரம், சாய்வு போய்விட்டது, ஆனால் நுனி தூக்கிக்கொண்டுவிட்டது, இடது துவாரம் பெரிதாகிவிட்டது என்று ஆரம்பித்தான். இப்போது கண்ணாடியில் மட்டும் இல்லை, பஸ் ஜன்னலில், தூக்குவாளி மூடியில், எண்ணெய் தடவிய வர்க்கித் தட்டில்கூட முகத்தைப் பார்க்கிறான். போனில் அவன் மூக்கு படம் மட்டும் நாலாயிரத்துக்கு மேல் இருக்கிறது. “அக்கா, நேரா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு தடவை.

போன திங்கட்கிழமை இரண்டாவது ஆபரேஷனுக்காக வேறொரு டாக்டரிடம் போனோம். பத்து நிமிஷம் பார்த்தார். “உன் மூக்கு நல்லாத்தான் இருக்கு. நான் கத்தி வைக்கமாட்டேன். போய் வேலையைப் பாரு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் உள்ளுக்குள் கும்பிட்டேன். ஆனால் திரும்பி வரும்போது குஞ்சப்பனை தாண்டியதும் தம்பி சால்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னான்: “டாக்டரே கைவிட்டுட்டார்னா, சரி பண்ணவே முடியாத அளவுக்கு இருக்குன்னுதானே அர்த்தம்?” ஆறு நாளாக வேலைக்குப் போகவில்லை.

இன்று வேறொரு கிளினிக்கில் போனிலேயே சரி என்றுவிட்டார்களாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் சம்பாத்தியம், அவன் உடம்பு. அந்த டாக்டர் முடியாது என்றது சரியா? நான் தடுப்பது சரியா?

பைன்காடு, குன்னூர் (ஞாயிறு இரவு 11.05)

தங்கச்சி, வேலையில்லாத மனசு இப்படித்தான் சுற்றும். ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்கள். பிடித்தவள் ஒருத்தி முகத்தைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். என் அனுபவத்தில் சொல்கிறேன்.

தியேட்டர் விளக்கு, கோவை (ஞாயிறு இரவு 11.50)

அண்ணா, தயவுசெய்து அந்த யோசனையைக் கொடுக்காதீர்கள். அக்கா ஒரே நாளில் முப்பத்தொரு தடவை “நேரா இருக்கு” என்று சொல்லியும் தீராதது, மனைவி வந்து சொன்னால் தீராது. அந்தப் பெண்ணும் சேர்ந்து அதில் மாட்டிக்கொள்வாள்.

நான் அருவங்காட்டில் பிறந்தவள். பதினொரு வருஷமாகக் கோவையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், அதில் ஆறு வருஷம் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில். மூக்கு ஆபரேஷனுக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் தெளிவாக வருவார்கள். மேட்டை மட்டும் குறைத்தால் போதும் என்பார்கள், குறைத்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள், அப்புறம் வரவே மாட்டார்கள். உடும்புபோல ஒன்றையே பிடித்துக்கொண்டு வருபவர்கள் வேறு. சட்டைப்பையில் அளவுநாடா வைத்திருப்பார்கள். டாக்டர் தோலில் மார்க்கரால் கோடு போட்டதும் போனில் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போடுங்கள் என்பார்கள். ஒப்புதல் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். ரத்தக்கசிவு, மூச்சுத் தடை, மயக்க மருந்தின் ஆபத்து என்று வரிவரியாகச் சொல்லும்போது அவர்கள் கண் என் முகத்தில் இருக்காது, என் பின்னால் இருக்கும் அலமாரிக் கண்ணாடியில் இருக்கும்.

அந்தக் கையெழுத்து ஒப்புதல்தானா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். டாக்டர் முடியாது என்றது சரி. அக்கா, உங்கள் தம்பி போன முதல் கிளினிக் முதல் நாளே பணம் வாங்கியதுதான் தவறு.

சட்டப்புத்தகம், கூடலூர் (திங்கள் காலை 7.15)

எல்லாரும் ஒரே பக்கம் சாய்வதால் நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். அக்கறையோடுதான் சொல்கிறேன்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒரு பெரிய மாற்றம் கொண்டுவந்தது. மனநலச் சிகிச்சை விஷயத்தில் நோயாளி முடிவெடுக்கும் திறன் உள்ளவர் என்றுதான் தொடங்க வேண்டும். மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று சொல்லிவிடவும் முடியாது, அதை நீதிமன்றம் சொல்ல வேண்டும். பைத்தியம் என்று பட்டம் கட்டி நிலத்தை எழுதி வாங்கியதையும் பெண்களை வீட்டுக்குள் அடைத்து வைத்ததையும் பார்த்த நாடு இது. அதனால்தான் அந்தச் சட்டம் அப்படி வந்தது.

24 வயது ஆண், சொந்தச் சம்பாத்தியத்தில், தன் மூக்கை மாற்றிக்கொள்ள நினைக்கிறார். காது குத்துகிறோம், மூக்கு குத்துகிறோம், பச்சை குத்துகிறோம். சிகப்பழகு ஊசி போட்டுக்கொள்ளும் மாப்பிள்ளையை யாரும் மனநல மருத்துவரிடம் அனுப்பவில்லை. அப்புறம் இன்னொன்று. தன் உடம்பை மாற்ற விரும்பும் எல்லாரையும் நோயாளி என்று ஆரம்பித்தால் நாளைக்குத் திருநங்கையரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். கோட்டை எங்கே போடுவது? யார் போடுவது?

கொழுந்துக்கூடை (திங்கள் காலை 7.50)

சட்டப்புத்தகம் சார், அதே கேள்விதான் என்னையும் தூங்கவிடவில்லை. அப்பா என்னை டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போகவிடாமல் தடுத்தபோதும் “உன் நல்லதுக்கு” என்றுதான் சொன்னார்.

சோலைமரம், ஊட்டி (திங்கள் மதியம் 1.30)

நான் மனநல மருத்துவர். பார்க்காத ஒருவருக்கு நோய்ப்பெயர் வைக்கமாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வதற்கு மிக நெருக்கமாக ஒரு நோய் இருக்கிறது. அதைப்பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர், சுருக்கமாக பி.டி.டி. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத, அல்லது மிக லேசாகத் தெரியும் ஒரு குறை, பாதிக்கப்பட்டவருக்கு முகம் முழுக்க அதுவாகவே தெரியும். மூக்கு, தோல், தலைமுடி மூன்றும்தான் அதிகம் வருபவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே என்ரிகோ மோர்செல்லி என்ற இத்தாலிய மருத்துவர் இதை எழுதிவைத்தார். 2013-இல் வந்த அமெரிக்க நோய்ப்பட்டியலில் இதை எண்ணச்சுழற்சி நோயான ஓ.சி.டி.யின் குடும்பத்தில் சேர்த்தார்கள். கதவைப் பூட்டினோமா என்று பத்து தடவை போய்ப் பார்ப்பவரும் மூக்கு நேராக இருக்கிறதா என்று முப்பது தடவை கேட்பவரும் மனசளவில் அண்ணன் தம்பிகள். பொதுமக்களில் நூறு பேருக்கு ஏறத்தாழ இரண்டு பேருக்கு இது உண்டு. அழகு சிகிச்சைக்கு வருபவர்களிடையே அதைப்போல் பல மடங்கு. பெரும்பாலும் பதினெட்டு வயதுக்குள் தொடங்கும். ஆண், பெண் என்று பெரிய வித்தியாசம் கிடையாது.

இது வீம்பு இல்லை, தற்பெருமையும் இல்லை. இவர்கள் மூளை முகத்தை முழுசாகப் பார்ப்பதைவிடத் துண்டு துண்டாக, நுணுக்கமாகப் பார்ப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வர்க்கித் தட்டில் தெரியும் கோணல் உங்கள் தம்பிக்கு நிஜமாகவே தெரிகிறது. அதனால்தான் “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்பவரை அவர்களால் நம்ப முடியாது. பொய் சொல்கிறார்கள், அல்லது பரிதாபப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கோடு எங்கே என்று கேட்டீர்கள். மூக்கைப் பிடிக்கவில்லை என்பது நோய் இல்லை. அந்த எண்ணம் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்கிறதா, வேலையை, வெளியே போவதை, தூக்கத்தைக் கெடுக்கிறதா, பார்ப்பதும் மறைப்பதும் கேட்பதும் நிறுத்த முடியாமல் நடக்கிறதா என்றுதான் நாங்கள் கேட்போம். திருநங்கையர் விஷயம் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பட்டியலில் அது மனநோய் அத்தியாயத்திலேயே இல்லை. அவர்கள் தங்கள் உடம்பைத் தவறாகப் பார்ப்பதில்லை. சிகிச்சைக்குப் பின் பெரும்பாலானவர்களுக்கு வேதனை குறைகிறது. பி.டி.டி.யில் கத்தி வைத்தபின் வேதனை குறைவது மிகச் சொற்பம். பெரும்பாலும் அப்படியே நிற்கும், அல்லது பக்கத்து இடத்துக்கு நகரும். சாய்விலிருந்து நுனிக்கும், நுனியிலிருந்து துவாரத்துக்கும் நகர்ந்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்த நோயில் தற்கொலை எண்ணம் அதிகம். ஆறு நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் அவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. டெலி மனஸ் எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

சட்டப்புத்தகம் (திங்கள் மாலை 6.20)

டாக்டர், திருநங்கையர் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அங்கே நான் குழப்பியிருந்தேன். ஆனால் ஒப்புதல் பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது. ஆபத்துகளை எடுத்துச் சொன்னால் அவருக்குப் புரியும், திரும்பச் சொல்லச் சொன்னால் சொல்வார். அப்படியானால் திறன் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சோலைமரம் (திங்கள் இரவு 9.10)

நல்ல கேள்வி. சட்டப்படி திறன் இருக்கும், நான் மறுக்கவில்லை. மயக்க மருந்தின் ஆபத்து அவருக்குப் புரியும், செலவு புரியும். புரியாதது ஒன்றே ஒன்று, இந்த ஆபரேஷன் அவர் தேடுவதைத் தராது என்பது. தராசில் ஒரு தட்டு சரியாக இருக்கிறது, மறுதட்டில் இல்லாத எடையை நோய் வைத்து அழுத்துகிறது. அதனால் நான் அவர் உரிமையைப் பறிக்கச் சொல்லவில்லை. அறுவை மருத்துவருக்கும் ஒரு கடமை இருக்கிறது என்கிறேன். நோயாளி கேட்டார் என்பதற்காகப் பயன்படாத சிகிச்சையைக் கொடுக்கும் கட்டாயம் எந்த மருத்துவருக்கும் இல்லை. வேண்டாம் என்று மறுக்க நோயாளிக்கு எல்லா உரிமையும் உண்டு. கேட்டதையெல்லாம் செய்துகொடு என்று வற்புறுத்தும் உரிமை அதே அளவுக்குக் கிடையாது.

கரடிமேடு, கோத்தகிரி பக்கம் (திங்கள் இரவு 10.15)

இதைப் படித்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருஷம் முன்னால் விடியற்காலை தோட்டத்துக்குப் போன என் அப்பாவைக் கரடி அடித்தது. மூக்கின் பாதியும் மேலுதடும் போய்விட்டன. கோவையில் நெற்றித் தோலைக் கீழே இறக்கி மூக்கு வைத்தார்கள். தோலை அறுத்து எடுத்து ஒட்டுவதில்லை. புருவத்துக்கு மேலிருந்து தோலை ஒரு பட்டையாகக் கிளப்பி, அடி ஒட்டியபடியே திருப்பி மூக்கில் தைப்பார்கள். மூன்று வாரம் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு தோல் பாலம் தொங்கும். ரத்தம் அதன் வழியாகத்தான் போகும். புது இடத்தில் ரத்தம் ஊறிப் பிடித்ததும் பாலத்தை வெட்டுவார்கள். அந்த மூன்று வாரமும் அப்பாவுக்கு நான்தான் சோறு ஊட்டினேன். இது நம் நாட்டு வைத்தியம்தான், 1794-லேயே புனே பக்கம் நடந்த இப்படியொரு சிகிச்சையை லண்டன் பத்திரிகை படத்தோடு போட்டது என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். கவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்கு அப்படி மூக்கு வைத்தார்களாம்.

இப்படி இருக்க, நல்ல மூக்கை வைத்துக்கொண்டு ஒருவன் அழுகிறானே என்று தோன்றியது. அப்பாவிடம் போனில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அந்தப் பையனை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டி வரலாமா, உங்களைப் பார்த்தால் புத்தி வரும் என்றேன். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். “என்னப் பாத்தா அவனுக்கு வெக்கம் வரும். இவ்வளவு பெரிய கஷ்டத்துக்கு முன்னால நாம எதுக்கு அழறோம்னு ராத்திரியெல்லாம் தன்னையே திட்டிக்குவான். மூக்கு பத்தின நெனப்பு போகாது, மேல இது ஒண்ணும் சேரும். எனக்கு அடிச்சது கரடின்னு ஊருக்கே தெரியும். அவனுக்கு எது அடிக்குதுன்னு அவனுக்கே தெரியல.”

அப்பா மாஸ்க் போடுவதில்லை. கண்ணாடி பார்க்காமல் கையால் தடவித்தான் சவரம் செய்துகொள்கிறார். டீக்கடைக்குப் போகிறார். எனக்கு வந்த கோபத்துக்கு மன்னியுங்கள், அக்கா.

முதுமலை மழை, கூடலூர் (செவ்வாய் அதிகாலை 2.40)

மூன்று தடவை எழுதி அழித்துவிட்டு நாலாவது தடவையாக எழுதுகிறேன்.

எனக்கு இருந்தது இந்த நோய்தான். மூக்கு இல்லை, கன்னத்துத் தோல். குழி குழியாக இருக்கிறது என்று தோன்றும். பத்தொன்பது வயதிலிருந்து இருபத்தாறு வரை. சேஃப்டி பின்னால் குத்திக் கிளறுவேன், அப்புறம் அதனால் வந்த தழும்பையே ஆதாரமாகக் காட்டுவேன். ஐந்து இடத்தில் லேசர், ஆசிட் பீல் எல்லாம் பண்ணினேன். ஒரு இடத்தில்கூட “ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இதைப்பற்றி யோசிக்கிறீங்க?” என்று யாரும் கேட்கவில்லை. பேக்கேஜ் எத்தனை சிட்டிங் என்றுதான் கேட்டார்கள். கேட்டிருந்தால் அன்றே உடைந்து சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஆறாவது இடத்தில் முடியாது என்றார்கள். உங்கள் தம்பிக்குச் சொன்னதுபோலவே, உனக்கு ஒன்றும் இல்லை, போ என்று. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நான் என்ன யோசித்தேன் என்பதை இங்கே எழுத முடியாது. என்னை அழித்துவிட அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. ஆனால் அவர் சரி என்று லேசர் போட்டிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும், கொஞ்சம் தாமதமாக. இரண்டையும் அனுபவித்துவிட்டுச் சொல்கிறேன்.

ஏழாவது டாக்டரும் முடியாது என்றார். ஆனால் அவர் முதலில் நாற்காலியை மேஜையின் இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். “குழி இருக்கா இல்லையான்னு நாம சண்டை போட வேணாம். இதனால நீங்க படற கஷ்டம் நெஜம், அது எனக்குத் தெரியுது. அதுக்கு என்கிட்ட இருக்கிற லேசர் மருந்தில்ல” என்றார். நான் இருக்கும்போதே மனநல மருத்துவருக்குப் போன் போட்டார், ஒரு கடிதம் எழுதினார், அப்புறம் தன் டைரியை எடுத்து எனக்கு ஒரு தேதி கொடுத்தார். ஒரு மாதம் கழித்து. “தோலைப் பாக்க இல்ல, உங்களைப் பாக்க” என்றார். அந்தத் தேதி இருந்ததால்தான் நான் நடுவில் எதுவும் செய்துகொள்ளவில்லை. துரத்திவிடவில்லை என்று எனக்குப் பட்டது அந்த ஒரு தேதியால்தான்.

மாத்திரை வேலை செய்ய ஏறத்தாழ பத்து வாரம் ஆனது. கூடவே பேச்சு சிகிச்சை. அது சும்மா பேசுவது இல்லை. பவுடர் போடாமல் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் இருபது நிமிஷம் நிற்க வேண்டும், கண்ணாடி பார்க்கக்கூடாது. முதல் நாள் ஐந்து நிமிஷத்தில் ஓடிவிட்டேன். நாலாவது வாரம் நின்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு அம்மா மட்டும் பந்தலூர் பஸ் எப்போ என்று கேட்டார். இப்போதும் சில நாள் அந்த எண்ணம் எட்டிப் பார்க்கும். வரட்டும் என்று விட்டுவிடப் பழகிவிட்டேன்.

அக்கா, அந்த டாக்டர் முடியாது என்றது சரி. முடியாது என்று சொல்லிவிட்டு அதோடு விட்டதுதான் தவறு.

தியேட்டர் விளக்கு (செவ்வாய் காலை 6.30)

இதைப் படித்துவிட்டு நைட் டூட்டியில் தனியாக உட்கார்ந்து அழுதேன். எங்கள் ஓ.பி.யில் எத்தனை பேரை அப்படி வாசலோடு அனுப்பியிருக்கிறோம்.

நூல்தையல், கோவை (செவ்வாய் இரவு 9.45)

நான் பிளாஸ்டிக் சர்ஜன், தாய்வீடு குன்னூர். முதுமலை மழை எழுதியதற்குப் பின் நான் எழுதாமல் இருப்பது சரியில்லை.

எங்கள் பக்கத்து உண்மையைச் சொல்கிறேன். கண்டுபிடிப்பது சுலபம் இல்லை. 2002-இல் அமெரிக்க அழகு அறுவை மருத்துவர்கள் 265 பேரிடம் கேட்டபோது, ஆபரேஷன் முடிந்த பிறகுதான் நோயாளிக்கு பி.டி.டி. இருப்பது தெரிந்தது என்று 84 சதவீதம் பேர் சொன்னார்கள். பத்தில் நாலு பேர் இப்படிப்பட்டவர்களிடமிருந்து வழக்கு மிரட்டலோ அடிதடி மிரட்டலோ வந்ததாகச் சொன்னார்கள். நியூயார்க்கில் ஒரு பெண், எனக்கு இந்த நோய் இருந்தது, அதனால் என் ஒப்புதலே செல்லாது என்று தன் டாக்டர்மேல் வழக்குப் போட்டார். 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டாக்டர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, நோய் இருந்ததற்கே ஆதாரம் போதவில்லை என்று. இந்தக் கதையைப் படித்துவிட்டு எங்களில் பல பேர் கற்றுக்கொண்ட பாடம், சந்தேகம் வந்தால் சீக்கிரம் வெளியே அனுப்பிவிடு என்பது. அது நோயாளிக்காக இல்லை, எங்களுக்காக. இருபது வருஷம் நானும் அப்படித்தான் செய்தேன்.

எதிர்ப்பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. லேசான பி.டி.டி. உள்ளவர்களுக்கு மூக்கு அறுவை உதவியது என்று 2014-இல் பிரேசில் மருத்துவர்கள் எழுதினார்கள். அதைக் காட்டிச் சில பேர் வாதாடுவார்கள். எனக்கு அது போதவில்லை. நல்லபடியாக முடிந்த சிலரை வைத்து, யாருக்கு எப்படிப் போகும் என்று முன்கூட்டியே எனக்குச் சொல்லத் தெரியாத ஒரு விஷயத்தில் கத்தி எடுக்க மாட்டேன். அதுவும் உங்கள் தம்பிக்கு ஏற்கெனவே ஒரு தடவை பண்ணி, எண்ணம் நகர்ந்தும்விட்டது.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து ஒரு விதி இருக்கிறது. வேறொரு மருத்துவரின், முடிந்தவரை குடும்ப மருத்துவரின், கடிதம் இல்லாமல் அழகு அறுவைக்குப் போக முடியாது. இந்த நோய் இருக்கிறதா என்று முறையான கேள்வித்தாள் வைத்துச் சோதிக்க வேண்டும். குறைந்தது இரண்டு தடவை பார்த்துப் பேச வேண்டும், ஒப்புதல் கொடுத்தபின் ஏழு நாளாவது பொறுக்க வேண்டும். நம் ஊரில் இப்படி இருந்தால் போனிலேயே சரி சொல்லி வியாழக்கிழமை வரச் சொல்ல முடியாது. விதி வரும்வரை காத்திருக்காமல் நான் என் அறையில் இதைத்தான் செய்கிறேன். முதல் நாள் பணம் வாங்குவதில்லை. கேள்வித்தாள் எல்லாருக்கும் உண்டு, சந்தேகப்படுபவர்களுக்கு மட்டும் என்றால் அது அவமானம். ஆனால் அந்தத் தேதி கொடுக்கும் வழக்கம் என்னிடம் இல்லை. நாளையிலிருந்து கொடுப்பேன்.

கொழுந்துக்கூடை, ஒரு நடைமுறைச் செய்தி. மூக்கு ஆபரேஷனில் வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம்கூட ஆகும். ஒருமுறை வெட்டிய மூக்கில் மறுபடி வெட்டினால் குருத்தெலும்பு பலவீனமாகி மூச்சு அடைபட வாய்ப்பு அதிகம். வியாழக்கிழமையைத் தள்ளிவைக்கச் சொல்லிப் பேசுங்கள். ரத்து செய் என்று சொன்னால் அவர் தப்பித்து ஓடுவார்.

பைன்காடு (செவ்வாய் இரவு 10.20)

தங்கச்சி, கல்யாணம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஊட்டிக்குக் கூட்டிப்போக வண்டி வேண்டுமானால் சொல்லுங்கள், புதன்கிழமை என் ஜீப் சும்மாதான் நிற்கிறது.

சட்டப்புத்தகம் (செவ்வாய் இரவு 11.00)

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கவலை முழுசாகப் போகவில்லை. நாளைக்கு ஒரு சர்ஜன் தனக்குப் பிடிக்காதவரையெல்லாம் மனநோய் என்று சொல்லி அனுப்பலாம். அதனால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், வேறொரு மருத்துவரிடம் கேட்கும் வழியும் இருக்க வேண்டும். ஆனால் முதுமலை மழை சொன்ன அந்த டாக்டர் அவரிடமிருந்து எந்த முடிவையும் பறிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். உரிமை என்று நான் பேசிக்கொண்டிருந்தது, அந்த அறையில் கூடவே இருந்த ஒருவரால்தான் நடந்திருக்கிறது.

கொழுந்துக்கூடை (வெள்ளி காலை 5.35)

எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

செவ்வாய் ராத்திரி தம்பியிடம் நேராகக் கேட்டேன், சாகணும்னு தோணுதா என்று. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “செய்யமாட்டேன், ஆனா தோணுது” என்றான். 14416-க்கு இரண்டு பேரும் சேர்ந்தே பேசினோம். அப்புறம் கூடலூர் அக்கா எழுதியதைப் போனில் காட்டினேன். மூன்று தடவை படித்தான். படித்துவிட்டு, “இவங்க கன்னம் நெஜமாவே நல்லாத்தான் இருந்திருக்குமாக்கா?” என்று கேட்டான். எனக்குத் தெரியாதுடா என்றேன். அவன் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் போனைத் திருப்பித் தரவும் இல்லை.

புதன்கிழமை பைன்காடு அண்ணன் ஜீப்பில் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். மனநலப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். மாஸ்க்கைக் கழற்று என்று அவர் சொல்லவேயில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம், நடுவில் நிறுத்தாதே என்றார். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். தேதியைச் சீட்டில் எழுதியதோடு தம்பியின் கையிலும் பேனாவால் எழுதிவிட்டார்.

வியாழக்கிழமை கிளினிக்கை அவன் ரத்து செய்யவில்லை. மூன்று மாதம் தள்ளிப் போட்டிருக்கிறான். அவனே போன் பண்ணிச் சொன்னான். முன்பணம் கட்டினால்தான் தேதி நிற்கும் என்றார்களாம். அவன் கட்டவில்லை.

என்னிடம் அந்த டாக்டர் தனியாகச் சொன்னது ஒன்று. “நேரா இருக்கா?” என்று கேட்டால் ஆமாம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. பதில் சொல்லச் சொல்ல நோய்க்குத் தீனி போடுவதாம். ஏழு வருஷமாக நான் பாசம் என்று நினைத்துத் தீனி போட்டிருக்கிறேன். இதை அவன் முன்னாலேயே பேசி ஒத்துக்கொண்டோம்.

நேற்று ராத்திரி பத்து நாளைக்கு அப்புறம் வேலைக்குப் போனான். நாலு மணிக்குத் தூக்குவாளியில் டீ எடுத்துக்கொண்டு நானும் போனேன். வெளியே கை விறைக்கும் பனி, உள்ளே அடுப்பு தணலாக இருந்தது. தட்டை வெளியே இழுத்து வைத்தவன் அதில் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, “அக்கா, நேரா...” என்று ஆரம்பித்தான்.

நான் டீயை ஊற்றிக் கொடுத்தேன். பதில் சொல்லவில்லை. அவன் முகம் இறுகிவிட்டது, எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி டீயைக் குடித்துவிட்டு அடுத்த தட்டை எடுக்கப் போனான். ஐந்து மணிக்குள் இன்னும் எட்டு தடவை கேட்டான்.